போன் வந்திருக்கு என்று ஓடிய பிள்ளைக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கையால் எழுதி, போட்டோ பிடித்து, வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப் போகிறேன். தபாலில் போட்டால் அது சிங்கப்பூர் வந்து சேருவதற்குள் நீயே ஊருக்கு வந்து நிற்பாய். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ என்னோடு பேசுவது எம்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டு. நான் ஒன்றை ஆரம்பித்து நடுவுக்கு வருவதற்குள் "அப்பா, ஸ்டேஷன் வந்திருச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். இது கொஞ்சம் நீளமான சங்கதி.

பழைய டெலிபோன் பூத் பற்றி நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, பின்னணியில் புல்லாங்குழல், "அந்தக் காலம் இனி வருமா" என்று ஏக்கமாக ஒரு குரல். அதன் கீழே நீ எழுதியிருந்தது: "நம்ம பூத் மாதிரியே இருக்குப்பா. அப்ப எல்லாரும் எவ்வளவு நிம்மதியா இருந்தாங்க."

நிம்மதியாக இருந்தது நீதான். உனக்கு அப்போது எட்டு வயது. கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

பூத் நமக்கு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். இளம்பிள்ளைவாதத்தில் கால் போன என்னைப் போன்றவர்களுக்கு பி.சி.ஓ. என்ற பொதுத் தொலைபேசிக் கடை கொடுப்பதில் முன்னுரிமை இருந்தது. அதற்கு முன்னால் வெளியூருக்குப் பேசுவதென்றால் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். 1984இல் சி-டாட் என்ற அரசு டெலிபோன் ஆராய்ச்சி நிறுவனம் ஆரம்பித்து, சாம் பிட்ரோடாவோடு இருந்த பொறியாளர்கள் ஏ.சி. இல்லாமலே நம் வெயிலிலும் புழுதியிலும் ஓடக்கூடிய சின்ன எக்ஸ்சேஞ்சுகளைச் செய்தார்கள். அது நடக்காமல் இருந்தால் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நான் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று வெளியூர், வெளிநாட்டுப் போன் பலகை மாட்டியிருக்க முடியாது. 1992இல் மாட்டினேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், மலேசியா, சவுதி, துபாய் என்று போயிருந்த காலம். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து பேசிவிட்டுப் போவார்கள். நம் வீடு எழும்பியது, நீ படித்தது எல்லாம் அந்த மீட்டரில் ஓடிய சிவப்பு எண்களால்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா?

கூண்டுக்குள் ஒரு பெண் நிற்பாள். வெளியே பெஞ்சில் மாமியார், கொழுந்தன், அடுத்துப் பேச வந்திருக்கும் நாலு பேர். லைன் தெளிவாக இருக்காது, கத்தித்தான் பேச வேண்டும். கண்ணாடிக் கதவு பேருக்குத்தான். ரெண்டு வருஷமாகப் பார்க்காத புருஷனிடம் அவள் என்ன பேசுவாள்? "நல்லாயிருக்கோம். பணம் வந்துச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. அத்தை நல்லாயிருக்காக." இவ்வளவுதான். மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், கண் அதிலேயே இருக்கும். ஐ.எஸ்.டி.யில் நிமிஷக்கணக்கில் பேசினால் களை எடுக்கப் போய்ச் சம்பாதித்த கூலி கரைந்துவிடும். ராத்திரியில் கட்டணம் குறையும் என்பதால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. கோட்டைப்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வரும். போனை வைத்த பிறகும் கதவைத் திறக்காது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் வெளியே வரும். நான் பிரிண்டரில் வந்த பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வாரம் போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்ட வந்திருந்தது. "அண்ணே, அன்னைக்கு மட்டும் இது இருந்திருந்தா" என்று கையிலிருந்த போனைக் காட்டிச் சொன்னது. மேலே ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அதனால் அந்த வீடியோக்காரர் ஏங்கட்டும், நான் ஏங்க மாட்டேன். ஒரு பெண் தன் சொந்தப் பேச்சைத் தன் அறைக்குள் வைத்துக்கொண்டு பேச முடிந்ததே, அதுவே செல்போன் செய்த பெரிய காரியம் என்பேன். பேங்க், டிக்கெட், மேப் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சரி, போனது ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதை எந்த வீடியோவிலும் காட்டுவதில்லை. அது என்னவென்று உனக்குத்தான் நன்றாகப் புரியும், ஏனென்றால் அந்த வேலையைச் செய்தவள் நீ.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நம் பூத்துக்குக் கூப்பிடுவார். "வடக்குத் தெருவில் இன்னார் வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிடுகிறேன்" என்பார். எனக்கு நடக்க முடியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ பையைப் போட்டுவிட்டு ஓடுவாய். "போன் வந்திருக்கு, போன் வந்திருக்கு" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு போவாய். அடுப்பில் இருந்ததை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஈரக்கையோடு ஓடிவருவார்கள். ஆள் கூப்பிட அஞ்சு ரூபாய் வாங்குவேன், அதில் ஒரு ரூபாய் உனக்கு. தேன்மிட்டாய்க்குப் போய்விடும்.

ஆனால் சில போன்களுக்கு உன்னை அனுப்ப மாட்டேன். நீ அடம்பிடிப்பாய், "நான் போறேன்பா" என்று. "நீ இரு, அம்மா போகட்டும்" என்பேன். ஏன் என்று உனக்கு அப்போது சொன்னதில்லை. அவையெல்லாம் சாவுச் செய்தி.

சவுதியில் கட்டடத்திலிருந்து விழுந்தவர், மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் நெஞ்சுவலி வந்தவர் என்று எத்தனையோ. கூட வேலை பார்க்கும் ஆள் கூப்பிட்டு என்னிடம்தான் முதலில் சொல்வார். ஊரிலேயே அந்தச் சேதி தெரிந்த ஒரே ஆளாக நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பிறகு அம்மாவிடம் சொல்வேன். அம்மா நேரே அந்த வீட்டுக்குப் போக மாட்டாள். முதலில் அவர்கள் பங்காளி வீட்டுக்குப் போவாள். அங்கே ஒரு பெரிய மனுஷரையும், அந்தப் பெண்ணின் அண்ணனோ தம்பியோ இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்வாள். அந்த வீட்டில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்களா என்று பார்த்துக்கொள்வாள். அப்புறம்தான் பேச்சை எடுப்பார்கள். அதுவும் "அவுகளுக்கு உடம்பு சுகமில்லையாம், ஆஸ்பத்திரியில சேத்திருக்காகளாம்" என்றுதான் ஆரம்பிக்கும். கேட்பவளுக்குப் புரிந்துவிடும். புரிந்தாலும் அவள் கையைப் பிடிக்கச் சுற்றி ஆள் இருக்கும். உன் அம்மா அஞ்சாவது வரைதான் படித்தவள். அந்த வேலையில் அவளுக்கு இருந்த பக்குவம் எனக்குக்கூடக் கிடையாது.

போன வருஷம் மேலத் தெருவில் ஒரு பிள்ளை. முப்பது வயதுகூட இருக்காது. காலையில் எழுந்து போனை எடுத்திருக்கிறாள். புருஷனின் ஊர்க்காரர்கள் குரூப்பில் அவன் படத்தைப் போட்டு, மாலை போட்டு, மெழுகுவர்த்தி வைத்து, கீழே நாற்பது ஐம்பது பேர் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அவளும் கைக்குழந்தையும் மட்டும். குரூப்பில் போட்டவன் கெட்டவன் இல்லை, துக்கத்தில் போட்டுவிட்டான். அவளுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவன் நினைத்தான், சொல்ல வேண்டிய ஆளோ இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார். விஷயம் எவ்வளவு வேகமாக வந்தது! சவுதியில் நடந்தது கால் மணி நேரத்தில் அறந்தாங்கிக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வர ஒரு மணி நேரம் ஆனது.

நான் சொல்ல வந்தது இதைத்தான், பாப்பா. அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் முன்பெல்லாம் ஒரு ஆள் இருந்தான். தந்தி கொண்டுவரும் தபால்காரர், மணியார்டர் கொடுத்துக் கைரேகை வாங்குகிறவர், பூத்துக்காரன், ஓடுகிற பிள்ளை. அவர்களால் தொந்தரவும் உண்டு: ஊர் வம்பு, கமிஷன், ஒட்டுக்கேட்பது. நானும் எத்தனையோ குடும்ப ரகசியங்களை வேண்டாமலே கேட்டு வைத்திருக்கிறேன். செல்போன் அந்த ஆளை எடுத்துவிட்டது. எடுத்தபோது தொந்தரவோடு சேர்ந்து அவன் செய்த மற்ற வேலையும் போய்விட்டது.

அது ஒரே நாளில் போகவில்லை. 1995 ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராமோடு முதல் செல்போன் கால் பேசியதைப் பேப்பரில் படித்துவிட்டு நான் சிரித்தேன். நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் ஆகுமாம். வருகிற காலுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டுமாம். இது பணக்காரர்கள் வைத்திருக்கும் விளையாட்டுச் சாமான், நம் மீட்டருக்கு ஒன்றும் ஆகாது என்று பூத்துக்காரர்கள் எல்லோருமே பேசிக்கொண்டோம். 2002 கடைசியில் பி.எஸ்.என்.எல்.லின் செல்போன் சேவையான செல்ஒன் வந்தது. சிம்முக்கு எழுதி வைத்துவிட்டு ஜனங்கள் காத்திருந்தார்கள். 2003இல் வருகிற காலுக்குக் காசில்லை என்றாகிவிட்டது. அன்றைக்கு முடிந்தது எங்கள் கதை. கூப்பிடத்தானே காசு வேண்டும், வாங்கிப் பேச வேண்டாமே! வெளிநாட்டில் இருப்பவன் கூப்பிடுவான், இங்கே இருப்பவள் கையில் ஒரு நோக்கியா 1100 இருந்தால் போதும். அந்த வருஷம் வந்த போன்தான் அது. தலையில் டார்ச் இருக்கும். பிற்பாடு கரண்ட் கட் பாடாய்ப்படுத்திய காலத்தில் நம் ஊரே அந்த டார்ச்சில்தான் சோறு தின்றது.

நான் கூண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு ரீசார்ஜ் கார்டு விற்க ஆரம்பித்தேன். அப்புறம் ஈசி ரீசார்ஜ், பத்து ரூபாய் டாப்-அப், மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது, ஜெராக்ஸ். தொழிலை விடவில்லை, தொழில்தான் என்னை விட்டு விட்டு ஓடியது. 2009இல் செகண்டுக்கு ஒரு பைசா என்று ஒரு கம்பெனி ஆரம்பிக்க, மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு முழு தலைமுறையே மிஸ்டு காலில் குடும்பம் நடத்தியது. ஒரு ரிங் என்றால் பஸ் ஏறிவிட்டேன், ரெண்டு ரிங் என்றால் இறங்கிவிட்டேன், கூட்டிப்போக வா. பைசா செலவில்லை. இதைக் கண்டுபிடித்தது எந்த எஞ்சினியரும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ திருச்சியில் காலேஜ் படித்தபோது உனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தேன் அல்லவா? ரீசார்ஜ் கடைக்காரன் மகள், மாசத்துக்கு ஒருமுறைதான் என்னிடம் டாப்-அப் கேட்டாய். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் "தாங்கள் அழைக்கும் எண் வேறு அழைப்பில் உள்ளது." எனக்குக் கணக்குத் தெரியாதா? வேறு யாரோ உனக்குக் காசு போடுகிறார்கள் என்பது அப்போதே தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. நீயாக வந்து சொல்லும்வரை பொறுத்தேன். மாப்பிள்ளை அந்தக் காலத்தில் தன் சம்பளத்தில் எவ்வளவு டாப்-அப்புக்கே போட்டார் என்று ஒருநாள் கேட்டுச் சொல். பூத் காலமாக இருந்திருந்தால் உங்கள் கல்யாணம் நடந்திருக்காது. ரெண்டாவது போனிலேயே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, செல்போன் பெண்களுக்கு விடுதலை கொடுத்தது என்று முடித்தால் அதுவும் முழு உண்மை ஆகாது. வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தது 2016 கடைசியில். அதற்கு முன்பே நம் பக்கத்தில் இமோ என்ற ஆப்பில்தான் முகம் பார்த்துப் பேசுவார்கள். துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது, அதனால் போட்டிம் என்ற ஆப். சவுதியிலும் ரொம்ப காலம் இன்டர்நெட் கால்களுக்குத் தடைதான். இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் எந்த ஆப் ஓடும் என்பது நம் ஊர்ப் பாட்டிகளுக்கு மனப்பாடம். பிறந்த பிள்ளையைத் தகப்பன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பார்த்தான். முன்பு ரெண்டு வயதில் ஏர்போர்ட்டில் பார்க்கும்போது பிள்ளை அழுது அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். அது பெரிய மாற்றம். ஆனால் அதே வீடியோ காலில், "எங்க இருக்கே? பக்கத்துல யாரு? சுத்திக் காட்டு" என்று கேட்கிற புருஷனும் இருக்கிறான். கடைக்கு வரும் பெண் ஒருத்தி ரீசார்ஜ் பண்ணக் காசைக் கொடுத்துக்கொண்டே போனை உயர்த்தி என் முகத்தைக் காட்டினாள், "அண்ணன் கடையிலதான் இருக்கேன்" என்று. நான் அந்தப் போனைப் பார்த்துக் கும்பிடு போட்டேன். வேறென்ன செய்வது? மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதுகூட வாரத்துக்கு ஒருமுறைதான். இவனோ ஒரு நாளுக்குப் பத்து முறை.

கஜா புயல் உனக்கு மறந்திருக்காது. நீ அங்கே அழுதுகொண்டிருந்தாய், எங்களுக்கோ அது தெரியாது. 2018 நவம்பர் 16 விடியக்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று நம் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. சில கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. டவர் இல்லை, இருந்த இடத்தில் போனில் சார்ஜ் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டியும் நிரப்பிக் கொடுத்தார்கள், போனுக்கும் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த வாரத்தில் என் பழைய தொழில் திரும்ப வந்தது. கூண்டும் மீட்டரும் இல்லாமல். "அண்ணே, சிங்கப்பூர்ல பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லணும்" என்று என்னைத் தேடி வந்தார்கள். அவர்களில் பலருக்குப் பெற்ற பிள்ளையின் நம்பர் தெரியாது. போனில் பெயரை அமுக்கித்தான் பழக்கம், போனோ செத்துக் கிடக்கிறது. என் பழைய நோட்டுப் புத்தகங்களில் சில நம்பர்கள் கிடைத்தன. சிலர் சுவரில் கரிக்கட்டையால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னார்கள். பெயர், நம்பர், சேதி என்று மூன்று கட்டம் போட்டுத் தாள் தாளாக எழுதினேன். "எல்லோரும் நலம், கூரை போனது, மாடு தப்பியது." பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கில் எடுத்துக்கொண்டு போனான். புதுக்கோட்டையிலும் சிக்னல் சரியில்லை என்று திருச்சி வரை போய், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தானாம். உனக்கு வந்த போனும் அவனுடையதுதான். நீ அவனை அப்பா போனைத் திருடியவன் என்று நினைத்துத் திட்டினாய் என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

பணம் வரும் வழியும் இதே கதைதான். அந்தக் காலத்தில் டிராஃப்ட் வந்து அது பேங்கில் மாறுவதற்குள் பிள்ளைக்குப் பீஸ் கட்டும் தேதி போய்விடும். அதனால்தான் ஜனங்கள் வெளிநாட்டுப் பணத்தை பேங்க் இல்லாமல் கைமாற்றிக் கொடுக்கும் உண்டியல்காரரைத் தேடினார்கள். சட்டப்படி அது தப்பு, ஆனால் ராத்திரியே வீட்டுக்கு வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். இப்போது சிங்கப்பூரில் போனிலேயே பணம் அனுப்பும் பேநவும் நம் யு.பி.ஐ.யும் 2023 பிப்ரவரியில் இணைந்த பிறகு, நீ அங்கே விரலை எடுப்பதற்குள் இங்கே என் போன் கிணுகிணுக்கிறது. பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ விற்கும் அம்மாவின் கூடையில்கூட க்யூஆர் அட்டை தொங்குகிறது. பக்கத்து டீக்கடையில் பெட்டி வாய் திறந்து "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்துகிறது. சில்லறை இல்லை என்று சொல்லி மிட்டாயைத் திணித்த காலம் ஒழிந்தது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆனால் அந்தப் பூக்கார அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். பேங்கிலிருந்து மெசேஜ் இங்கிலீஷில் வருகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்ததும் ஒருவன் கூப்பிட்டான். நல்ல தமிழில், மரியாதையாக, "அம்மா, உங்கள் பணம் நிற்கிறது, ஓ.டி.பி. சொன்னால் விடுவித்துவிடுவேன்" என்றான். சொல்லிவிட்டாள். கணக்கில் இருந்தது துடைத்துப் போயிற்று. அவள் என்னிடம் ஓடிவந்தாள், சைபர் மோசடிக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தோம். உடனே சொன்னால் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, இவள் வந்தது மறுநாள். முன்பு ஒரு திருடன் அவளிடம் நெருங்க வேண்டுமானால் பேங்க் கேஷியர், தபால்காரர், நான் என்று மூன்று பேரைத் தாண்டி வர வேண்டும். இப்போது நேராக அவள் காதிலேயே வந்து பேசுகிறான். போலீஸ் உடுப்புப் போட்டு வீடியோ காலில் வந்து, "நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள்" என்று மிரட்டுகிறானாம். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது. உன் மாமனாரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வை. படித்தவர்கள்தான் இதில் அதிகம் பயப்படுகிறார்கள்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் வருவார்கள். 2023 ஜனவரியிலிருந்து வருகையை ஆப்பில்தான் பதிய வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு ரெண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். கண்மாய்க்குள் சிக்னல் கிடைக்காது. வெயிலில் மண் அள்ளியது கண் முன்னால் இருக்கிறது, ஆப்பில் ஏறவில்லை என்றால் கூலிக்கு இழுபறி. "நாங்க வேலை செஞ்சதை அந்தப் பொட்டிக்கு யாரு அண்ணே எடுத்துச் சொல்றது?" என்று ஒரு ஆத்தா கேட்டது. என்னிடம் பதில் இல்லை. ஒரு மனு எழுதிக் கொடுத்தேன்.

இதனால்தான் கடையை மூடச் சொல்லி நீ கேட்கும்போதெல்லாம் தட்டிக்கழிக்கிறேன். ரீசார்ஜை அவரவர் போனிலேயே போட்டுக்கொள்கிறார்கள், அதில் வருமானம் கிடையாது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ரெண்டு மூன்று பேர் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த மெசேஜ் என்ன சொல்லுது? இதை அமுக்கலாமா? இந்தச் சத்தத்தை நிறுத்து. பேத்தி போட்டோ அழிஞ்சு போச்சு, எடுத்துத் தா. இதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை, அவர்களாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் குடிக்கிறேன். எழுதத் தெரியாத கிழவிகளுக்கு மைக்கை அமுக்கித் தமிழில் பேசினால் எழுத்தாக வரும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். முதல் தடவை தன் பேச்சு எழுத்தாக ஓடுவதைப் பார்த்த ஒரு பாட்டி, "இம்புட்டுத்தானா எழுத்து?" என்று கேட்டாள். எழுபது வருஷமாக அதற்குப் பயந்தவள் அவள். அன்றைக்கெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை.

பேரனுக்குப் போன் வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். பன்னிரண்டு வயதுக்கு எது சரி என்று நான் சொல்ல முடியாது. அங்கத்திய பள்ளிக்கூடம், பஸ், அவன் சேர்க்கை எல்லாம் உனக்குத்தான் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவனுக்கு ஏதாவது ஒரு மெசேஜ் வந்து முகம் வாடினால், அதை யாரிடம் காட்டுவான்? அப்படி ஒரு ஆள் இருந்தால் வாங்கிக் கொடு. அது நீயாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மாப்பிள்ளையாக இருக்கலாம், எதிர்வீட்டு அண்ணனாக இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். எனக்கு அந்த வேலையில் அனுபவம் உண்டு என்று அவனிடம் சொல்.

இன்னொன்று. நம் சொந்தக்காரர் குரூப்பில் சாவுச் செய்தியை யாரும் நேராகப் போடக் கூடாது என்று நான் சொல்லியாகிவிட்டது. முதலில் எனக்கோ அம்மாவுக்கோ கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நாங்கள் ஆள் அனுப்பிய பிறகுதான் குரூப்பில். சின்னப் பசங்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். நீயும் அதில் அட்மின், கவனித்துக்கொள்.

பொங்கலுக்கு வரும்போது எனக்கு ஐபோன் வாங்கிக்கொண்டு வருவதாக மாப்பிள்ளை சொன்னாராம். வேண்டாம் என்று சொல்லிவிடு. அதை இங்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நம் ஊர்ப் பிள்ளைகள்தான் ஹாஸ்டலில் தங்கிச் செய்கிறார்கள். அது கடல் தாண்டிப் போய், மறுபடி நம் வீட்டுக்கே வர வேண்டுமா? என் போன் நன்றாகவே இருக்கிறது, பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். அம்மா கோடாலித் தைலம் கேட்டாள், சின்ன பாட்டிலாக நாலு வாங்கி வா. அதில் ரெண்டு, பக்கத்து வீட்டுத் தம்பிக்கு.

அன்புடன்,
அப்பா